இரண்டு முறை மூழ்கியவள்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு 'பிரேக் அக்கா' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படி அழைத்ததில்லை. முதுகுக்குப் பின்னால் அழைத்தது பல தடவை காதில் விழுந்திருக்கிறது, அவள் கண்டுகொண்டதில்லை. பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். மற்ற ஆசிரியர்கள் அதை எப்போதாவது மிதிப்பார்கள். அவள் கால் அதன் மேலேயே குடியிருக்கும். மிதிக்க மாட்டாள். மிதிக்கத் தயாராக, ஒரு நூல் இடைவெளியில் வைத்திருப்பாள். சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சோபாவில் சாய்ந்தாலும் அந்தக் கால் தரையைத் தேடித் தேடி அழுத்தும். அவள் போகும் கிறிஸ்தவ சபையில் பிரசங்கம் நடக்கும்போதும் அதே கதைதான். அவளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரின் நாற்காலி லேசாக ஆடும். அவர் திரும்பிப் பார்ப்பார். அவள்தான் என்று தெரிந்ததும் மறுபடி முன்னால் திரும்பிக்கொள்வார்.

அவள் கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். அசையாமல் உட்கார்ந்து செய்கிற வேலை, ஆளும் அப்படித்தான். கல்யாணமான புதிதில், "உன் காலுக்குள்ள யாரு ஓடிக்கிட்டே இருக்கா?" என்று கேட்டார். அவள் சிரித்து மழுப்பிவிட்டாள். ஓடிக்கொண்டிருந்தது யார் என்பது அவளுக்குத் தெரியும். பள்ளிச் சீருடையும் தோளில் புத்தகப் பையுமாக ஒரு சின்னப் பெண்.

அவள் பிறந்தது வீட்டில், வளர்ந்தது சபையில் என்று சொல்லலாம். அப்பா சோப்புத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். அம்மா வீட்டிலேயே துணி தைத்துக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை குடும்பமே காலையில் போனால் மதியம் தாண்டித்தான் திரும்பும். ஒரு ஞாயிறு, போதகர் ஆண்டவரின் இரகசிய வருகையைப் பற்றிப் பேசினார். ஒருநாள் யாரும் எதிர்பாராத நேரத்தில் அவர் வருவார். தம்மை நம்பியவர்களைக் கண் இமைப்பதற்குள் எடுத்துக்கொள்வார். மற்றவர்கள் நின்ற இடத்தில் நின்றபடி இருப்பார்கள். பெரியவர்கள் ஆமென் சொன்னார்கள். மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த அவள் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வாரத்திலேயே ஒருநாள் பள்ளி விட்டு வந்தால் வீட்டுக் கதவு திறந்து கிடக்கிறது. தையல் மெஷினில் பாதி தைத்த சட்டைக் கை ஊசிக்கடியில் மாட்டியபடி தொங்குகிறது. அம்மாவின் செருப்பு வாசலில் இருக்கிறது, அம்மா இல்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்து கருகிக்கொண்டிருக்கிறது. அம்மா பாலைப் பொங்கவிடுகிற ஆள் கிடையாது. குழந்தை முதலில் அடுப்பை அணைத்தாள். பிறகு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். அவர்களும் சபைக்காரர்கள், வீடு பூட்டிக் கிடந்தது. சபை மூப்பரின் இரும்புக் கடைக்கு ஓடினாள். கடையில் பாதி ஷட்டர் இறங்கியிருந்தது, உள்ளே ஆளில்லை. தெருமுனையில், சபையிலேயே வம்புக்குப் பேர்போன ஓர் அத்தை யாரையோ கை நீட்டித் திட்டிக்கொண்டிருந்தாள். தெரிந்த முகத்தைப் பார்த்தும் குழந்தைக்கு நிம்மதி வரவில்லை. இந்த அத்தை விடப்பட்டதில் ஆச்சரியமென்ன, நானும் இந்த அத்தையோடு சேர்ந்துவிட்டேனே என்றுதான் தோன்றியது.

நடந்தது வேறு. பக்கத்து வீட்டு அக்காவுக்குத் திடீரென்று பிரசவ வலி. அம்மா போட்டது போட்டபடி செருப்புகூட மாட்டாமல் ஓட, மூப்பர் கடையைப் பாதி சாத்திவிட்டுத் தன் வண்டியில் எல்லோரையும் ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு போயிருக்கிறார். பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்த செய்தியோடு திரும்பினார்கள். வாசற்படியில் பையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் விஷயத்தைச் சொன்னதும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அந்தக் கதை சபையில் வருஷக்கணக்கில் ஓடியது. சொல்லும்போதெல்லாம் அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் பால் கருகிய வாடை நிறைந்திருந்த அந்த அறையில் அவளுக்கு ஒன்று தெரிந்துபோயிருந்தது. எல்லோரும் போய்த் தான் மட்டும் நிற்பது நடக்கக்கூடிய காரியம்.

அதிலிருந்து, கூட்ட முடிவில் "ஆண்டவருக்கு உன்னை ஒப்புக்கொடுக்கிறாயா? எழுந்து முன்னால் வா" என்று யார் அழைத்தாலும் அவள் எழுந்து போனாள். சிறுவர் கூட்டத்தில் போனாள், வாலிபர் முகாமில் போனாள், வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார்கள் அழைத்தபோதெல்லாம் போனாள். போன தடவை ஆண்டவரிடம் சரியாகக் கேட்கவில்லையோ, கேட்கும்போது மனம் வேறெங்கோ இருந்ததோ என்று சந்தேகம். அம்மாவுக்கே ஒருமுறை பொறுமை போய்விட்டது. "இன்னும் எத்தனை தடவைதான்டீ ரட்சிக்கப்படுவ? ஆண்டவருக்கு வேற வேலை இல்லையா?" என்றாள்.

ஞானஸ்நானத்திலும் அப்படித்தான். பதின்மூன்று வயதில் முதல் தடவை. தண்ணீருக்குள் சாய்க்கும்போது பயத்தில் போதகரின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே வந்த பிறகு, கை முழுசாக மூழ்கியதா என்று அவளுக்கு உறுத்தியது. யாரிடம் கேட்பது? வேலைக்காக வேறு ஊருக்குப் போனபோது, அங்கிருந்த சபையில் இதுதான் முதல் முறை என்பது போலச் சாட்சி சொல்லி இரண்டாம் தடவை எடுத்துக்கொண்டாள். இந்தத் தடவை கைகளை மார்போடு கட்டி, மூச்சை அடக்கி, போதகர் தூக்குவதற்குக் காத்திருந்து எழுந்தாள். தலையைத் துவட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்த சந்தேகம் வந்தது: முதல் ஞானஸ்நானத்தை மறைத்து எடுத்த இது செல்லுமா?

சந்தேகம் கடவுள் மேல் இருந்ததில்லை என்பதுதான் விசித்திரம். சபை போதித்தது அத்தனையையும் அவள் நம்பினாள். உலகம் முழுவதற்கும் அது பொருந்தும் என்று உறுதியாகத் தெரியும். தனக்குப் பொருந்துமா என்பதில்தான் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

இதெல்லாம் தெரியாத அவளுடைய இப்போதைய போதகர், ஒருநாள் ஆராதனை முடிந்ததும் அவளை நிறுத்தினார். "சகோதரி, சபையில புதுசாச் சேர வர்றவங்களுக்கு உபதேச வகுப்பு எடுக்கணும். நீங்க எடுங்க."

"பாஸ்டர், நான் கிளட்ச் கியர் சொல்லிக்கொடுக்கிறவ."

"அதனாலதான் கேட்கிறேன். நான் சொன்னா தூங்கிடறாங்க. உங்க கார்ல யாரும் தூங்கினதாத் தெரியல."

சபை கூடியது ஒரு டயர் கடைக்கு மேலே இருந்த மாடிக் கூடத்தில். சனிக்கிழமை சாயங்காலம் நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டு அவள் வகுப்பைத் தொடங்கினாள். கீழே காற்றடிக்கும் மெஷின் ஓடும்போது பேச்சு கேட்காது. அது நிற்கும்வரை காத்திருந்து தொடர்வாள். பரிசுத்த ஆவியானவரைப் பற்றிய பாடத்தில், "அவர் நம்பினவங்களுக்குள்ள வந்து குடியிருக்கிறார்" என்று அவள் முடித்த கணத்தில் கீழே ஒரு டயர் புஸ்ஸென்று காற்றிறங்கியது. வகுப்பே கலகலவென்று சிரித்தது. அவளும் சிரித்துவிட்டு, "அவர் அப்படி இறங்கிப் போறவர் இல்ல" என்றாள்.

நன்றாகத்தான் நடத்தினாள். வேதம் முழுவதும் தேவன் தம் ஆவியால் எழுதவைத்தது, அதில் பிழையில்லை, நம் விசுவாசத்துக்கும் நடத்தைக்கும் அதுவே கடைசி வார்த்தை என்பது முதல் பாடம். தேவன் ஒருவரே, பிதா குமாரன் பரிசுத்த ஆவி என்று மூன்று ஆட்களாய் இருக்கிறார் என்பது அடுத்தது. அன்று ஒரு நர்ஸ் பெண் தண்ணீர், பனிக்கட்டி, ஆவி என்று உதாரணம் சொல்லப் பார்த்தாள். "உதாரணம் தேடாதீங்கம்மா. எதைச் சொன்னாலும் ஒரு பக்கம் ஒழுகும். புரியலன்னா புரியலன்னு வெச்சுக்கிட்டுக் கும்பிடுங்க" என்றாள் அவள். நியாயத்தீர்ப்பைப் பற்றிய கடைசிப் பாடத்தை மட்டும், குழி விழுந்த சாலையைத் தாண்டுகிறவளைப் போல, விறுவிறுவென்று முடித்துவிடுவாள்.

அந்த வகுப்புக்குத்தான் பேக்கரிக்காரர் வந்து சேர்ந்தார். ஐம்பதைத் தாண்டியவர், குண்டு உடம்பு, புருவத்தில் எப்போதும் கொஞ்சம் மாவு ஒட்டியிருக்கும். ரொட்டி கொண்டுபோய்ப் போடும் வேனைத் தானே ஓட்டவேண்டும் என்று அவளிடம் கார் பழக வந்தவர். இரண்டாம் நாளே வண்டியை ஓரங்கட்டிவிட்டார்.

"டீச்சரம்மா, வண்டியை ஓட்டுறது நீங்களா நானா?"

"நீங்கதாண்ணே."

"அப்ப காலை எடுங்க. நீங்க ரெடியா இருக்கிறதைப் பார்த்தாலே, எங்கேயோ இடிக்கத்தான் போறேன்னு எனக்குத் தோணுது."

அவள் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அடுத்த திருப்பத்துக்குள் அது தானாக முன்னால் போய்விட்டது. அவர் அதை ஓரக்கண்ணால் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன் வகுப்பு இல்லை என்று இன்னொரு நாள் கேட்டார். சபைக்குப் போவேன் என்றாள்.

"அங்க வர்றவங்க எல்லாம் நல்லவங்களா?"

"இல்லண்ணே. நல்லவங்களுக்கு அங்க வேலையே இல்ல."

அவர் சிரித்த சிரிப்பில் கிளட்சிலிருந்து கால் நழுவி, வண்டி குலுங்கி நடுரோட்டில் நின்றது. பின்னாலிருந்தவர்கள் ஹாரனை அலறவிட்டார்கள். "அப்படின்னா நான் வரலாம்" என்றார். அந்த வாரமே வந்தார். கடையில் மீந்ததல்ல, அன்று சுட்ட ரொட்டி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். அவர் மனைவி வரவில்லை. அந்த அம்மாள் கல்லாவை விட்டு நகராதவர். "இத்தனை வருஷம் அடுப்பைக் கும்பிட்டோம், சோறு போட்டுச்சு. இப்ப என்ன புதுசா?" என்று கேட்டாராம்.

வகுப்பில் அவர் கடைசி நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவார். ரட்சிப்பைப் பற்றிய பாடம் வந்தது. அவள் சொன்னாள்: "எல்லா மனுஷனும் பாவத்துல கிடக்கிறான். தன்னைத் தானே தூக்கிவிட அவனால முடியாது. நாம சாகவேண்டிய இடத்துல இயேசு செத்தார். மூணாம் நாள் உடம்போட எழுந்தார். நாம செஞ்ச நல்லதைக் காட்டி இதை வாங்க முடியாது. நம்பிக் கேட்டா சும்மா கொடுக்கிறார். அதுக்குப் பேருதான் கிருபை. கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கவும் மாட்டார்."

பேக்கரிக்காரர் கையைத் தூக்கினார். "ஒரு சந்தேகம். உங்களுக்குக் கிடைச்சிருச்சா?"

கீழே மெஷின் ஓடும் என்று பார்த்தாள். ஓடவில்லை. அரைவட்டம் முழுவதும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நேரமாயிருச்சு. அடுத்த வாரம் பேசலாம்" என்று எழுந்துவிட்டாள். நேரம் ஆகியிருக்கவில்லை என்பது சுவர்க் கடிகாரத்தில் எல்லோருக்கும் தெரிந்தது.

அந்த வாரம் முழுக்க இருப்புக்கொள்ளவில்லை. சிவப்பு விளக்கில் நிற்கும்போது அந்தக் கேள்வி வரும். பாத்திரம் கழுவும்போது வரும். கிடைச்சிருச்சு என்று சொன்னால் பொய்யாகிவிடுமோ? இல்லை என்று சொன்னால், அப்புறம் எந்த முகத்தோடு நாற்காலி போடுவது? வகுப்பை விட்டுவிடுவதாகப் போதகரிடம் சொல்லப் போய், படியேறிப் பாதியில் திரும்பி வந்தாள்.

அடுத்த சனிக்கிழமை அவர் கேட்கவே இல்லை. வகுப்பு கலைந்த பின் நாற்காலிகளை அடுக்க உதவிக்கொண்டே, "நான் கேட்டுட்டேன் டீச்சரம்மா" என்றார்.

"என்னத்தை?"

"நீங்க சொன்னதைத்தான். ரொட்டியை அடுப்புல வெச்சிட்டு நிக்கிறப்ப தோணுச்சு. ஐயா, நான் லாயக்கில்லாதவன், எனக்கும் கொடுங்கன்னு கேட்டேன். கிடைச்சிருச்சு."

அவளுக்குப் பொறாமையாக இருந்தது. கொஞ்சம் எரிச்சலும்கூட. "எப்படித் தெரியும்? ஏதாவது தோணுச்சா? அழுகை வந்துச்சா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. மணி அடிச்சது, தட்டை வெளிய இழுத்தேன்." அவர் அவளை வினோதமாகப் பார்த்தார். "கேட்டாத் தர்றேன்னு சொன்னவர் ஏமாத்துவாரா என்ன? நீங்கதானே பாடம் எடுத்தீங்க?"

அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க ஒரு ஞாயிறு குறித்தார்கள். கூடத்தின் பின்பக்கம் ஒரு ஃபைபர் தொட்டி இருந்தது. முந்தின நாளே குழாய் போட்டு நிரப்பவேண்டும். தன் உடம்புக்குத் தண்ணீர் வழியுமே, டயர் கடைக்காரர் சண்டைக்கு வரமாட்டாரா என்று எல்லோரிடமும் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். மனைவியையும் கூப்பிட்டிருந்தார். கடையை யார் பார்ப்பார்கள் என்று அந்த அம்மாள் கேட்டாலும், வரமாட்டேன் என்று சொல்லவில்லையாம்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை காலையில், மாவு பிசையும் மெஷினுக்குப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் போய்விட்டது.

அடக்கத்துக்குச் சபை திரண்டு வந்தது. போதகர் உயிர்த்தெழுதலைப் பற்றிச் சுருக்கமாக, நல்லபடியாகப் பேசினார். பேக்கரிக்காரரின் மனைவி கண்ணீர் விடவில்லை. மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டம் கலையும்போது, சபையின் மூத்த பெண்மணி ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம், "என்ன இருந்தாலும் ஞானஸ்நானம் எடுக்காமலே போயிட்டாரே, பாவம்" என்றாள். அவள் மெதுவாகச் சொன்னதாக நினைத்திருப்பாள். அது விழக்கூடாத காதில், பேக்கரிக்காரர் மனைவியின் காதில், விழுந்துவிட்டது.

சில நாள் கழித்து பேக்கரிக்காரரின் மனைவி பயிற்சிப் பள்ளிக்கு வந்தார். பிரேக் அக்கா அப்போதுதான் ஒரு மாணவனை இறக்கிவிட்டிருந்தாள்.

"காருக்குள்ள உட்கார்ந்து பேசலாமா? ஆபீஸ்ல இருக்கிற பொண்ணு என் வாயையே பார்க்குது."

அந்த அம்மாள் ஓட்டுநர் இருக்கையில் ஏறிக்கொண்டார். அவள் தன் வழக்கமான பக்கம். ஜன்னல் வழியாகப் பயிற்சி மைதானமும் அடுக்கி வைத்த டிராஃபிக் கூம்புகளும் தெரிந்தன. அந்த அம்மாள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"உங்க சபைக்காரி ஒருத்தி சொன்னா. தண்ணியில இறங்காமப் போயிட்டாராம், பாவமாம். அதுக்கு என்ன அர்த்தம்?"

"அவங்க சொன்னது தப்பு அண்ணி."

"எப்படித் தப்பு? அவங்களும் உங்க ஆளுதானே?"

"தண்ணி யாரையும் காப்பாத்தாது. உள்ளே நடந்ததை ஊரறியச் சொல்ற அடையாளம் அது. அண்ணனுக்கு உள்ளே நடந்திருச்சு. ஊருக்குச் சொல்லத்தான் நேரமில்லாமப் போச்சு."

"அப்ப அவர் எங்க இருக்கார்?"

"ஆண்டவர்கிட்ட."

"இருக்கலாம்னு சொல்றீங்களா, இருக்கார்னு சொல்றீங்களா?"

"இருக்கார்."

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. அந்த அம்மாள் முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தார். "அவ்வளவு அடிச்சு எப்படிச் சொல்றீங்க?"

"அண்ணன் கேட்டார். கேட்டாத் தர்றேன்னு சொன்னவர் தருவார். மனசு உருகிக் கேட்டாரா, கேட்கும்போது ரொட்டி கருகிடும்னு நினைச்சாரா, அதெல்லாம் பேச்சே இல்ல. வாங்கினவர் கையைப் பார்க்கக்கூடாது அண்ணி. கொடுத்தவர் சொன்ன வார்த்தையைத்தான் பார்க்கணும்."

சொல்லி முடித்ததும் நெஞ்சுக்குள் ஏதோ தட்டியது. இதை யாருக்குச் சொல்கிறேன்? அதைப் பிடித்துக்கொண்டு யோசிப்பதற்குள் அந்த அம்மாள் அடுத்ததைக் கேட்டுவிட்டார்.

"சரி. அப்ப நான்? நான் எதையும் கேட்கல, நம்பவும் இல்ல. நாளைக்கே எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

கடவுள் நல்லவர், பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிடலாம். கணவனைப் பறிகொடுத்த பெண்ணிடம் யாரும் அதைத்தான் சொல்வார்கள். அவசரமாகத் தாண்டிப்போகும் அந்தக் கடைசிப் பாடம் இப்போது பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தது.

"பாடத்துல இருக்கிறதைச் சொல்லட்டுமா, ஆறுதலா ஏதாவது சொல்லட்டுமா?"

"என் வீட்டுக்காரர்கிட்ட என்ன சொன்னீங்களோ அதைச் சொல்லுங்க."

"அவரை வேண்டாம்னு போறவங்க, அவர் இல்லாமலே இருப்பாங்க. என்னைக்கும்."

"யார் இல்லாம? உங்க ஆண்டவரா, என் வீட்டுக்காரரா?"

"ஆண்டவர்" என்றாள். பிறகு, "ரெண்டு பேரும்தான்" என்றாள்.

அந்த அம்மாள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இத்தனை வருஷம் ஒரே அடுப்பு முன்னால நின்னு வெந்திருக்கோம் நாங்க. ரொம்ப நல்லாத்தான் இருக்கு உங்க பாடம்."

"அண்ணி, நான் இதைச் சந்தோஷமாச் சொல்லல. உங்களைப் பத்தி முடிவு சொல்ல நான் யாரு? கதவு இன்னும் திறந்திருக்குன்னுதான்..."

"போதும்."

கார்க் கதவு அறைந்து சாத்திக்கொண்டது. அந்த அம்மாள் மைதானத்தின் குறுக்கே, கூம்புகளுக்கு நடுவில், திரும்பிப் பார்க்காமல் நடந்து போனார். அடுத்த மாணவி வந்து கண்ணாடியைத் தட்டும்வரை அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். இரண்டு ஞானஸ்நானத்தையும்கூட. அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணனுக்குச் சொன்னது எனக்கும்தானே?" என்றாள் கடைசியில். "அவருக்கு ஒரு ஆண்டவர், எனக்கு ஒருத்தரா?"

"இதைத்தான் நான் கல்யாணமானதுலேருந்து சொல்லிக்கிட்டிருக்கேன்."

"நீங்க சொன்னதே இல்ல."

"மனசுக்குள்ள சொன்னேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மறுமாதம் சபையில் சிறப்புக் கூட்டம். வந்திருந்த பிரசங்கியார் நல்ல குரல்காரர். முடிவில் கண்ணை மூடச் சொல்லி, ஒப்புக்கொடுக்க விரும்புகிறவர்கள் முன்னால் வரலாம் என்று அழைத்தார். அவள் உடம்பு எழுந்திருக்கத் தயாராகிவிட்டது. தொடை இறுகியது, கை முன்வரிசை நாற்காலியின் முதுகைப் பற்றியது. இந்தத் தடவை போனால் கெட்டா போகும்? ஒருவேளை இதுதான் சரியான தடவையாக இருந்தால்? 'கேட்டாச்சு. அவர் கொடுத்தாச்சு' என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள். அது சும்மா சொல்லிக்கொள்கிற பேச்சு மாதிரிதான் இருந்தது. மறுபடி சொன்னாள். பாட்டு நீண்டுகொண்டே போனது. பக்கத்தில் கணவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்ப்பது தெரிந்தது. பாட்டு முடியும்வரை உட்கார்ந்தே இருந்தாள். பெரிய சமாதானம் எதுவும் வந்து இறங்கிவிடவில்லை. ஆனால் முதல் தடவையாக, போகாமல் இருந்திருக்கிறாள்.

வகுப்பில் இப்போது யாராவது கேட்டால், "கிடைச்சிருச்சு" என்கிறாள். சில வாரம் அதை உரக்கச் சொல்ல முடிகிறது. சில வாரம் மெதுவாகத்தான் வருகிறது. கடைசிப் பாடத்தை மட்டும் வேகமாக முடிப்பதில்லை. அந்தப் பாடத்தில் அவளுக்குக் குரல் கம்முகிறது. காரணம் தெரியாத புது ஆட்கள் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

பேக்கரிக்காரரின் மனைவி மறுபடி வருவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. வந்தார். "கார் பழகணும். வேன் சும்மா நிக்குது. வேற டீச்சர் இருந்தாலும் பரவாயில்ல" என்று அலுவலகப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறார், வேறு டீச்சருக்கு நேரமில்லை. முதல் நாள் இருவரும் கிளட்சையும் கியரையும் தவிர வேறெதையும் பேசவில்லை. அந்த அம்மாள் கணவரைப் போல இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தால் சாலையே தன்னுடையது என்று ஓட்டினார். தேர்வு அதிகாரியிடமே, கண்ணாடியைப் பார்த்தேன், நீங்கதான் பார்க்கல என்று சண்டை போட்டு, முதல் தடவை தோற்று, அடுத்த தடவை ஜெயித்தார்.

அதற்கு நடுவில் ஒருநாள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "என்னைச் சபைக்குக் கூப்பிடாதீங்க" என்றார்.

"கூப்பிடலையே அண்ணி."

"வாயால கூப்பிடல. மனசுல கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கீங்க. எனக்குத் தெரியுது."

"ஆமா" என்றாள் அவள். "அதை நிறுத்த முடியல."

அந்த அம்மாள் கியரை மாற்றினார்.

அதுதான் இப்போது அவளைப் பிடித்து ஆட்டுகிறது. விடியற்காலையில் எழுந்து முழங்கால் போட்டால், முன்பெல்லாம் தன்னைப் பற்றியே ஓடிக்கொண்டிருந்த மனம் இப்போது அந்தக் கல்லாவுக்குப் போய் நிற்கிறது. பேக்கரி வழியாகப் போகும்போதெல்லாம், அந்த அம்மாள் உள்ளே இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறாள். பார்த்தால் ஒரு நிம்மதி, பாதி தெருவரை. அப்புறம் மறுபடி தொடங்கிவிடும்.

திருவிருந்து அன்று அப்பம் பிட்கச் சபைக்கு ஒரு முழு ரொட்டி வேண்டும். பேக்கரிக்காரர் இருந்தவரை அவர் கொண்டுவருவார். இப்போது அந்த அம்மாளே கொண்டுவருகிறார். மாடிக்கு ஏறுவதில்லை, கீழே வேனை நிறுத்தி ஹாரன் அடிப்பார், அவள் இறங்கிப் போய் வாங்கிக்கொள்வாள். போன தடவை ரொட்டியைக் கையில் கொடுத்துவிட்டு உடனே கிளம்பவில்லை.

"இதை என்னதான் செய்வீங்க மேல?"

"எல்லாரும் ஆளுக்கொரு துண்டு பிட்டுச் சாப்பிடுவோம். ஆண்டவர் நமக்காகச் செத்ததை நினைச்சுக்குவோம்."

"நினைக்கிறதுக்கு ரொட்டி வேணுமா?"

"வேணும்போல. மறந்துடற ஜாதிதானே நாம."

அந்த அம்மாள் இருட்டான மாடிப்படியை அண்ணாந்து பார்த்தார். மேலே யாரோ மைக்கைத் தட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். "ரொம்பச் செங்குத்தா இருக்கு. அவர் இந்த உடம்பை வெச்சுக்கிட்டு எப்படி ஏறினார்?"

"நடுவுல ஒரு தடவை நிப்பார். வாங்க அண்ணி, கையைப் பிடிச்சுக்கறேன்."

"இன்னைக்கு வேண்டாம். வேன் ரோட்டை அடைச்சுக்கிட்டு நிக்குது."

வேன் புறப்பட்டுத் தெருவில் கலந்தது. சூடு ஆறாத ரொட்டியைத் துணியோடு மார்பில் பிடித்துக்கொண்டு அவள் படியேறினாள். அன்றைய பிரசங்கத்தில் பாதி அவள் காதில் ஏறவில்லை. வேண்டாம் என்பதற்கு முன்னால் 'இன்னைக்கு' என்று அந்த அம்மாள் சொன்னதைத் தான் சரியாகத்தான் கேட்டோமா, இல்லை ஆசையில் காது சேர்த்துக்கொண்டதா என்று யோசித்துக்கொண்டே இருந்தாள்.